நொடிகளின் இடைவெளி: கிராண்ட் ப்ரீ பந்தயம் பற்றிய கேள்வி பதில்

ஃபார்முலா ஒன் பந்தயங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தும், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் நேரில் சென்றும் வருகிறேன். பந்தயத்தை நேரில் பார்ப்பது பற்றியும், வீட்டிலிருந்தே பின்தொடர்வது பற்றியும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் அனுபவத்துக்கு எட்டிய வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, முதன்முறையாக ஒரு பந்தயத்தை நேரில் பார்க்கப் போகிறேன். நீண்ட நேர்ப்பாதைக்கு எதிரே உள்ள கேலரியில் இடம் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். வேகத்தை அங்கேதானே முழுமையாக உணர முடியும்?

நானும் அப்படி நினைத்துத்தான் என் முதல் பந்தயத்தை நேர்ப்பாதைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் காரைக் கண் பின்தொடர்வதற்குள் அது போய்விடும். முதல் பத்துச் சுற்றுகளுக்குப் பிறகு வண்ணக் கீற்றுகளைத் தவிர வேறெதையும் பார்த்த நினைவு எனக்கு இல்லை. வேகம் எவ்வளவு என்பது அது குறையும் இடத்தில்தான் தெரியும். ஆகவே, நேர்ப்பாதை முடிந்து மெதுவான வளைவு தொடங்கும் இடத்தில் உட்காருங்கள். இத்தாலியின் மோன்சா தடத்தில் உள்ள முதல் சிக்கேன், அதாவது அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் திரும்பும் இறுக்கமான வளைவு, இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே 340 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வரும் கார், 100 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வளைவுக்குள் நுழைகிறது. இவ்வளவும் ஓரிரு மூச்சு விடும் நேரத்திற்குள் நடந்துவிடும். யார் சற்றுத் தாமதமாகப் பிரேக் பிடிக்கிறார், யாருடைய முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வெண்புகை கிளம்புகிறது, யாருடைய காரின் பின்பகுதி நெளிகிறது என்பதெல்லாம் அங்கே வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒருவரை ஒருவர் முந்துவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். இருக்கையிலிருந்து பெரிய திரை ஒன்று கண்ணில் பட வேண்டும். மற்ற வளைவுகளில் நடப்பது தெரியாவிட்டால் பந்தயத்தின் கதை கையைவிட்டு நழுவிவிடும்.

கேள்வி: தொலைக்காட்சியில் எல்லாக் கோணங்களும் தெரிகின்றன. நேரில் ஒரே ஒரு வளைவுதான் தெரியும் என்றால் எதற்காகப் போக வேண்டும்?

பந்தயத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள வீடே வசதியானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கேமரா காருடன் சேர்ந்தே திரும்புவதால் வேகத்தைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. மேடு பள்ளங்களையும் தட்டையாக்கிவிடுகிறது. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஜ், ரெய்டியோன் என்ற வளைவுகள் உள்ள ஏற்றத்தைப் பல ஆண்டுகள் திரையில் பார்த்துவிட்டு, அதன் அடிவாரத்தில் நின்று முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தபோது, சாலை ஒரு சுவரைப் போல எழுந்து நின்றது. அந்த ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகிறார் என்ற செய்தியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

நேரில் செல்பவர்களிடம் நான் வற்புறுத்துவது வெள்ளிக்கிழமையைத்தான். பயிற்சி ஓட்டங்கள் நடக்கும் அந்த நாளில் கூட்டம் குறைவாக இருக்கும். பல தடங்களில் இடம் மாறி மாறி நின்று பார்க்கவும் அனுமதிப்பார்கள். ஒரே வளைவில் அரை மணி நேரம் நின்று, ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களை மட்டும் கவனியுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரே அசைவில் திருப்பிவிடுவார். மற்றவர் வளைவின் நடுவில் இரண்டு மூன்று முறை திருத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை இருவரில் யாருடைய டயர் முதலில் தேயும் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கைகளில் இருக்கும்.

கேள்வி: எட்டு வயது மகளையும் அழைத்துச் செல்ல நினைக்கிறேன். சத்தம் தாங்குவாளா?

காதை முழுவதும் மூடும் ஒலித்தடுப்பான் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். 2014-இல் 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் இஞ்சின்கள் வந்த பிறகு, பத்து சிலிண்டர் கொண்ட பழைய வி10 இஞ்சின் காலத்தின் செவி கிழிக்கும் ஓசை இல்லைதான். ஆனாலும் துணைப் பந்தயங்களின் கார்கள் சில சமயம் அதைவிட அதிகமாக இரையும் என்பதால், நாள் முழுவதும் ஒலித்தடுப்பான் அவள் காதில் இருப்பது நல்லது.

கேள்வி: தடத்தில் முந்தாமல், பிட்டுக்குப் போய்விட்டு வந்து முந்திவிட்டார்கள் என்கிறார்களே, அது எப்படி? நின்று வருபவர் பின்தங்கத்தானே வேண்டும்?

இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் நான் உண்மையான ரசிகன் ஆனேன் என்று சொல்வேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மழை இல்லாத பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டுநரும் குறைந்தது இரண்டு வகை டயர்களைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லோரும் ஒரு முறையாவது பிட்டுக்குள், அதாவது தடத்தை ஒட்டி அணிகள் டயர் மாற்றும் இடத்துக்குள், வந்தே தீர வேண்டும். டயர் மாற்றும் வேலை இரண்டு நொடிகளை ஒட்டி முடிந்துவிடும். 2023-இல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 நொடியில் நான்கு டயர்களையும் மாற்றியது. ஆனால் பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு இருப்பதால், உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் தடத்தைப் பொறுத்து மொத்தம் இருபது நொடிகளோ அதற்கும் சற்று மேலோ இழக்க நேரிடும். இருவருமே இந்த இழப்பைச் சந்திக்க வேண்டும் என்பதால், யார் எப்போது சந்திக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நீங்கள் ஒருவருக்கு ஒன்றரை நொடி பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் டயரும் தேய்ந்திருக்கின்றன. நீங்கள் முதலில் பிட்டுக்குப் போய்ப் புது டயருடன் வெளியே வருகிறீர்கள். அவர் இன்னும் ஒரு சுற்று பழைய டயரிலேயே ஓடுகிறார். புது டயர் உங்களுக்கு அந்த ஒரு சுற்றில் இரண்டு நொடி கொடுத்தால், அவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் அவருக்கு அரை நொடி முன்னால் இருப்பீர்கள். இதைத்தான் அண்டர்கட் என்கிறோம். புது டயர் சூடேறத் தாமதமாகும் தடங்களில் இதே கணக்கு தலைகீழாகி, தாமதமாக உள்ளே வந்தவருக்குச் சாதகமாக அமைவதும் உண்டு, அது ஓவர்கட். நீங்கள் பிட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் மெதுவான கார் ஏதாவது குறுக்கே இருந்தால் போட்ட கணக்கெல்லாம் பாழாகிவிடும். அதனால்தான் இரண்டு கார்களுக்கு இடையில் காலியாக இருக்கும் இடத்தைத் தேடி அணிகள் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பந்தயத்தின் முன்வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததாகத் தோன்றும் அந்தப் பத்துச் சுற்றுகளில்தான் பெரும்பாலும் வெற்றி முடிவாகிறது.

கேள்வி: நேரத்தைக் காட்டும் பட்டியலில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று வருகின்றனவே, அவை எதைக் குறிக்கின்றன?

ஒரு சுற்று மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் எல்லோரையும் விடக் குறைந்த நேரம் எடுத்தால் ஊதா, தன்னுடைய முந்தைய சிறந்த நேரத்தை மட்டும் முறியடித்தால் பச்சை, இரண்டும் இல்லையென்றால் மஞ்சள். பந்தயத்தின்போது இந்த வண்ணங்களைவிட, முன்னால் இருக்கும் காருடனான இடைவெளி சுற்றுக்குச் சுற்று எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். 3.4, 3.1, 2.7 என்று தொடர்ந்து குறைந்தால் ஏதோ வரப்போகிறது என்று பொருள். படம் வேறு யாரையோ காட்டிக்கொண்டிருந்தாலும் அந்த எண்கள் உங்களை அங்கே அழைத்துச் சென்றுவிடும்.

கேள்வி: ஒரே ஓட்டுநர் தொடர்ந்து ஜெயிக்கும் ஆண்டுகளில் எனக்கு ஆர்வமே போய்விடுகிறது. 2023 அப்படித்தான் இருந்தது. நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

2023-இல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் அணியே வென்றது. வெர்ஸ்டாப்பன் மட்டும் 19 முறை வென்றார். உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தப்பிய அந்த ஒரு பந்தயம், சிங்கப்பூர், என் நெஞ்சில் நிற்கும் பந்தயங்களில் ஒன்று.

அன்று ஃபெராரியின் சைன்ஸ் முன்னால் இருந்தார். அவருக்குப் பின்னால் மெக்லாரனின் நோரிஸ். மெர்சிடிஸின் ரஸ்ஸல், ஹாமில்டன் இருவரும் கடைசிக் கட்டத்தில் புது டயர் மாற்றிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று நெருங்கி வந்தார்கள். முன்னால் செல்லும் காருக்கு ஒரு நொடிக்குள் இருப்பவர் பின்னிறகைத் திறந்து நேர்ப்பாதையில் கூடுதல் வேகம் பெறலாம் என்ற டிஆர்எஸ் விதி அப்போது இருந்தது. சைன்ஸ் வேகமாக ஓடித் தப்பிக்கப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, நோரிஸைத் தனக்கு ஒரு நொடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நோரிஸுக்கு அந்தக் கூடுதல் வேகம் கிடைத்ததால் ரஸ்ஸலால் அவரை முந்த முடியவில்லை. நோரிஸை முந்தாமல் சைன்ஸை நெருங்கவும் வழியில்லை. எதிராளியையே தனக்கு அரணாக்கிக்கொண்ட இந்த உத்தியை, அந்த வெக்கையில், சுவர்களுக்கு நடுவே, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒரு மனிதர் நடத்திக் காட்டினார். கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் சுவரில் உரசி வெளியேறினார், சைன்ஸ் வென்றார்.

முன்னணியில் போட்டி இல்லாத பந்தயங்களில் நடுவரிசையைப் பாருங்கள். பத்தாவது இடத்திற்குக் கிடைக்கும் ஒரே ஒரு புள்ளிக்காக ஒரு சிறிய அணி எவ்வளவு போராடுகிறது என்பது தெரியும். ஆண்டு முடிவில் அணிகளின் தரவரிசையைப் பொறுத்தே பரிசுத்தொகை பிரிக்கப்படுவதால், அந்த ஒரு புள்ளி மறு ஆண்டுக் காரை வடிவமைக்கும் வசதியைக்கூடத் தீர்மானிக்கக்கூடும்.

கேள்வி: நல்ல கார் கிடைத்தால் யாரும் ஜெயிக்கலாம் அல்லவா? ஓட்டுநரின் திறமையை எப்படி அறிவது?

அவருடைய அணித்தோழரோடு ஒப்பிட்டு அறியலாம். ஏறக்குறைய ஒரே காரை ஓட்டுபவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பந்தயம் தொடங்கும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தாறு பந்தயங்களுக்குக் குறித்து வைத்துப் பாருங்கள். பிறகு மழை பெய்த நாட்களைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: மழை வந்தால் பந்தயம் நடக்குமா? காசு கொடுத்துப் போய் ஏமாந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டும் நடந்திருக்கிறது. 2011-இல் கனடாவில் மழையால் பந்தயம் நீண்ட நேரம் நிறுத்தப்பட்டு, மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் இருந்த ஜென்சன் பட்டன், இறுதிச் சுற்றில் வெட்டல் வழுக்கியபோது அவரைக் கடந்து வென்றார். அன்று நனைந்துகொண்டே காத்திருந்தவர்களுக்கு வாழ்நாளுக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்தது.

2021-இல் ஸ்பாவில் நடந்தது அதற்கு நேரெதிர். பல மணி நேரம் மழையில் காத்திருந்த மக்களுக்கு முன்னால், யாரையும் முந்தவிடாமல் மெதுவாக வழிநடத்தும் பாதுகாப்புக் காரின் பின்னே சில சுற்றுகள் மட்டும் ஊர்வலம்போல் ஓடவிட்டு, பாதிப் புள்ளிகள் கொடுத்து முடித்துவிட்டார்கள். நீர்த்திவலையில் முன்னால் போகும் கார் தெரியாத நிலையில் ஓட்டச் சொல்லியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒருவர்கூட ஒருவரை முந்த முடியாத ஓட்டத்திற்குப் பந்தயம் என்று பெயர் கொடுத்தது தவறு. அடுத்த ஆண்டு விதி திருத்தப்பட்டது. பாதுகாப்புக் கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றுகளாவது ஓடினால்தான் இப்போது புள்ளிகள் உண்டு. டிக்கெட் வாங்கும்போது, பந்தயம் நடக்காமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற நிபந்தனையை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்பு கூடக்கூடப் பழைய துணிச்சல் குறைந்துவிட்டது என்று என் அப்பா சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

உங்கள் அப்பாவின் மீது மரியாதை வைத்தே இதை மறுக்கிறேன். 1994-இல் இத்தாலியின் இமோலா தடத்தில், சனிக்கிழமை ரோலண்ட் ராட்ஸன்பெர்கர், ஞாயிற்றுக்கிழமை அயர்டன் சென்னா என்று இரண்டு ஓட்டுநர்கள் விபத்தில் இறந்தார்கள். சென்னாவை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. ராட்ஸன்பெர்கரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. 2014-இல் ஜப்பானின் சுசூக்கா தடத்தில் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி விபத்துக்குள்ளாகி மறு ஆண்டு உயிரிழந்தார். 2018-இல் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஹாலோ என்ற காப்பு வளையம் கட்டாயமாக்கப்பட்டபோது, காரின் அழகு கெட்டுவிட்டது என்று பலர் வருந்தினார்கள், நானும் வருந்தியவன்தான். 2020-இல் பஹ்ரைனில் ஓட்டுநர் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்து, இரண்டாக முறிந்து, தீப்பற்றியது. அரை நிமிடத்தை ஒட்டிய நேரம் நெருப்புக்குள் இருந்துவிட்டு, அவர் தானாகவே எழுந்து தடுப்பைத் தாண்டி வந்தார். அதைக் கண்ட பிறகு ஹாலோவின் அழகைப் பற்றி நான் பேசுவதில்லை.

கேள்வி: மொனாக்கோவில் யாரும் முந்துவதே இல்லையே, போகலாமா?

சனிக்கிழமைக்காகப் போங்கள். 3.337 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குறுகலான தெருத்தடத்தில், தகுதிச் சுற்றின்போது தடுப்புச் சுவருக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இல்லாமல் ஓட்டுவதைப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடும் 78 சுற்றுகள் பெரும்பாலும் சனிக்கிழமையின் வரிசையிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: கொடி விழுந்ததும் நெரிசலுக்கு முன் கிளம்பிவிடலாமா?

வேண்டாம், இருங்கள். முடிவுக் கொடிக்குப் பிறகு கார்கள் மெதுவாகத் திரும்பி வரும்போது, தடத்தைக் காத்த மார்ஷல்கள் வேலிக்கு அருகில் வந்து கொடிகளை அசைப்பார்கள். ஓட்டுநர்கள் அவர்களுக்குக் கையுயர்த்தி நன்றி சொல்வார்கள். அந்த மார்ஷல்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

முடிவும் அப்போது முழுதாக முடிந்திருக்காது. 2024-இல் ஸ்பாவில் ஒரே ஒரு முறை மட்டும் டயர் மாற்றி, ரஸ்ஸல் முதலாவதாக வந்து மேடையேறிக் கோப்பையும் வாங்கினார். பிறகு எடை பார்த்தபோது, கார் 798 கிலோ என்ற குறைந்தபட்ச அளவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்ததால் அவர் நீக்கப்பட்டார். வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. திரும்பி வரும் கார்களைக் கவனித்தால், சில ஓட்டுநர்கள் சுத்தமான பாதையை விட்டுவிட்டுத் தடத்தின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகளின் மேல் வேண்டுமென்றே ஊர்ந்து வருவது தெரியும். தேய்ந்த டயரில் அந்தத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, எடை மேடைக்குப் போகும் முன் காருக்கு இன்னும் கொஞ்சம் எடையைச் சேர்த்துவிடும்.