10 வயதுப் பூனையைத் தத்தெடுத்து 4 நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பழக்குவது?

4 நாள் எல்லாம் ஒரு கணக்கே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சாப்பிடுகிறதா? ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு வந்து தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி போய்ப் பதுங்கினால் கவலையே படாதீர்கள். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று விடுகிற விஷயம் இல்லை இது. நாங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் விட்டிருப்போம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு அப்போது வயது 11. மனிதக் கணக்கில் 60ஐத் தொட்டவள், பெயர் என்னவோ குட்டி. ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் பிறந்து, காப்பிச் செடியும் சில்வர் ஓக் மரமும் தவிர வேறு உலகம் பார்க்காதவள். பெரியம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, பெங்களூருவில் மகள் வீட்டோடு போக வேண்டி வந்தது. அங்கே மாப்பிள்ளைக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. அதனால் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிற எங்களிடம் வந்தாள். அதுவும் சித்திரை மாதத்தில். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து நேராக அனலில் இறங்கினாள். 20 கொண்டை ஊசி வளைவிலும் கூடைக்குள் ஒரே கத்தல், பாதி வழியில் வாந்தி. (கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, கூடையைத் துணியால் மூடியிருக்க வேண்டும். எங்களுக்கு யார் சொன்னார்கள்?)

வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை டடக் டடக் என்று ஓடும். எங்களுக்கு அது காதிலேயே விழாது. அவளுக்கோ காதே மடங்கிப் போனது. நேராகப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் புகுந்துகொண்டாள்.

அவளோடு ஒரு காப்பிக்கொட்டைச் சாக்கும் வந்திருந்தது. வருஷக்கணக்காக அதன் மேல்தான் படுக்கை. வாந்தி பட்டு நாறியது, தெள்ளுப்பூச்சி வேறு. அம்மா அன்றைக்கே அதைச் சோப்புத்தூளில் முக்கி, டெட்டால் ஊற்றி அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டார். நாங்கள் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். வீடு புதுசு, ஆட்கள் புதுசு, சத்தம் புதுசு. அந்தப் பூனைக்குத் தெரிந்ததாக மிச்சம் இருந்தது அந்தச் சாக்கின் வாடை ஒன்றுதான். அதையும் சுத்தமாகக் கழுவிவிட்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வரை ஒரு வாய் தொடவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் கொண்டுபோனோம். சலைன் ஏற்றிவிட்டு, “இது படுத்த பழைய துணி ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். துவைத்துவிட்டோம் என்றதும் அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நல்லவேளை, பெரியம்மா அப்போதுதான் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். போன் போட்டேன். மறுநாள் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு மஞ்சள் பை வந்தது. உள்ளே பெரியம்மா கட்டிக் கசக்கிய நூல் சேலை ஒன்று, விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு, ஒரு கவர் நிறையத் தோட்டத்து மண். மண் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சேலையைச் சுருட்டி அந்த இடுக்கில் தள்ளிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து அப்படியே நின்றாள். பிறகு முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அந்தச் சேலையை மிதிக்க ஆரம்பித்தாள். அன்று ராத்திரி ஒன்றரை மணிக்குப் பீங்கான் தட்டு தரையில் நகருகிற சத்தம் கேட்டது. விளக்கைப் போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, பூனையைக் கொடுத்தவர்களுக்கு ஒரு போன். அது படுத்த துணி, தின்ற தட்டு, எது கிடைத்தாலும் துவைக்காமல், தேய்க்காமல் வாங்குங்கள். ஒரே ஒரு அறையை அதற்கு ஒதுக்குங்கள். முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வயதான பூனைக்குத் தலை சுற்றிவிடும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள், குனிந்து எட்டிப் பார்த்துக் கொஞ்சாதீர்கள். எங்கள் அம்மா மணிக்கு ஒரு தரம் “ஏன் கண்ணு, வெளிய வாயேன்” என்று குனிந்து பார்ப்பார். அவள் இன்னும் உள்ளே போவாள். நான் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான். தற்செயலாகக் கண் பட்டால் மெதுவாக மூடித் திறப்பேன்; பூனைக்கு அது 'பயமில்லை' என்கிற சைகை. ஆறாம் நாள் அவளும் மூடித் திறந்தாள்.

இப்போது அந்த மண்ணுக்கு வருகிறேன். பூனை கழிப்பதற்கென்று கடையில் வாங்கிய களிமண் உருண்டைகளைத் தொட்டியில் கொட்டி வைத்திருந்தோம். குட்டி அதை ஒரு முறை முகர்ந்துவிட்டு, நேராகப் போய் வாசல் மிதியடியில் வெளிக்கு இருந்துவிட்டாள். 11 வருஷமாகக் காப்பிச் செடிக்கு அடியில் தோண்டிப் போனவளுக்கு அது கழிப்பிடம் என்று எப்படித் தெரியும்? உருண்டைகளுக்கு மேல் அந்த மண்ணைப் பரப்பியதும் பிரச்சினை தீர்ந்தது. மூன்று வாரத்தில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். இன்னொன்று, தொட்டியின் விளிம்பு. வயதான பூனைகளுக்கு மூட்டுவலி சகஜம்; நொண்டாது, அழாது, உயரம் ஏறுவதை மட்டும் நிறுத்திவிடும். பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றில் ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு அறுத்து வைத்தோம்.

சாப்பாட்டை வந்த உடனே மாற்றாதீர்கள். பழைய சாப்பாட்டோடு புதியதைச் சேர்த்து 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு போகும். பால் பாசம் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பெரியம்மா வீட்டில் கருவாட்டுச் சோறு. அந்த உப்பு கிழட்டுச் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மேட்டூர் ஜிலேபி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வைப்போம். ஆறிப்போனால் வாசம் தெரியாமல் விட்டுவிடுவாள். டப்பா உணவும் கூடவே உண்டு. வெறும் மீனும் சோறும் போதாது. வெயில் காலத்தில் தண்ணீர்தான் பெரும்பாடு. கிண்ணத்தைத் தொடவே மாட்டாள். ஒரு நாள் பார்த்தால் மண்பானைக்கு அடியில் கசிந்து நிற்கிற தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து பானைக்கு அடியில் அகலத் தட்டு.

பினாயிலை நிறுத்துங்கள். அம்மாவுக்கு இது பெரிய தியாகம். தரையில் பட்டதைப் பூனை காலோடு நக்கிவிடும், அந்த ரசாயனத்தை முறிக்கிற சக்தி அதன் கல்லீரலுக்குக் கிடையாது. அந்துருண்டையும் அப்படித்தான். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே கொன்றுவிடும். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம். நாய்க்கு விடுகிற பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஓலமிடுவாள். வீட்டைத் தேடுகிறாள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். இருக்கலாம். ஆனால் வயதான பூனை கத்துவதற்குத் தைராய்டு, ரத்த அழுத்தம், காது மந்தம் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் வந்த மாதத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குட்டிக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு) கொஞ்சம் கூடுதலாக இருந்தது அப்படித்தான் தெரிந்தது. தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடித்தாலும் காட்டுங்கள். ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கினால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஒரு மாதத்துக்கு வெளியே விடவே வேண்டாம். பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும், தெருநாய்கள் வேறு. ஜன்னலுக்கு வலை அடித்தோம். வடக்குப் பார்த்த ஜன்னல், ஏற்காடு மலை தெரியும். அவள் அங்கேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா ஒரு நாள் கண்கலங்கிவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டு முருங்கை மரத்தில் அணில்.

எத்தனை நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்று நாளில் சாப்பாடு, மூன்று வாரத்தில் நடமாட்டம், மூன்று மாதத்தில் உரிமை என்று பூனை வளர்ப்பவர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். கிழடுகளுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டி சித்திரையில் வந்தாள். ஆடிப் பண்டிகைக்குத் தெருவில் தறிகளை நிறுத்தியபோது காலையிலிருந்து அறை அறையாக நடந்தாள், பின்சுவரில் காதை வைத்தாள், என்னைப் பார்த்துக் கத்தினாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்ததும் அதே சுவர் ஓரமாகச் சேலையின் மேல் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.