படித்தது மனதில் தங்கவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் எனக்குக் கீழே நான்கு பேரைக் கொடுத்தார்கள். ஆட்களை வேலை வாங்கத் தெரியவில்லை, சட்டென்று கோபம் வருகிறது, நாலு பேர் முன்னால் பேச நா எழவில்லை. படித்தால் நம்மை வளர்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னதால் புத்தகக் கண்காட்சியில் பதினொரு சுயமுன்னேற்றப் புத்தகங்கள் வாங்கினேன். மூன்றை முடித்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று கேட்டால் இன்று ஒரு வரி சொல்ல முடியவில்லை. மற்றவை பாதியில் நிற்கின்றன. "படிச்சு என்ன ஆகப்போகுது" என்கிறார் கணவர். உண்மையிலேயே பயன் உண்டா? எதை, எப்படிப் படிப்பது?

பதில்: முப்பது வருடத்துக்கு மேல் பொது நூலகங்களில் நூலகராக இருந்திருக்கிறேன். இரவல் போன புத்தகம் திரும்பி வந்ததும், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்போம். பெரும்பாலும் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இருக்கும். சில சமயம் மருந்துச் சீட்டு, கோழி இறகு, ஒரு தடவை காய்ந்த வேப்பிலைக் கொத்து. அந்த டிக்கெட் அநேகமாக முதல் நாற்பது ஐம்பது பக்கங்களுக்குள்தான் கிடக்கும். பாதியில் நின்றுபோகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் அதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம்.

முதலில் "தங்கவில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். அது சரியானால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. நீங்கள் இரவு இருபது பக்கம் படித்துவிட்டு விளக்கை அணைக்கிறீர்கள். காலையில் சமையல், பிள்ளைகள், பஸ், ஆபீஸ். அன்று மாலைக்குள் பெரும்பகுதி போய்விடும். யாருக்கும் அப்படித்தான்.

அப்படியானால் திரும்பப் படித்தால் போதுமா? இதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு சுற்று படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழாகிவிட்டது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்குதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு இருந்தது.

நம் பக்கத்தில் இது பழைய சங்கதி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், பாடம் படிக்கிற முறையைச் சொல்லும் இடத்தில் "கேட்டவை நினைத்தல்" என்று தனியாக ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார். அப்புறம் ஒரு கணக்கும் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் அறிவில் கால் பங்குதான் கிடைக்கும். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இந்த அரைப் பங்கைத்தான் நாம் இன்று தொடுவதே இல்லை. தனியாக உட்கார்ந்து படிக்கிறோம், மூடி வைக்கிறோம், அடுத்ததை எடுக்கிறோம்.

சரி, வீட்டில் இதை எப்படிச் செய்வது? எட்டுப் பக்கம் படியுங்கள். விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடுங்கள். இப்போது படித்ததில் என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் ஒன்றும் வராது, கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டப்பட்டுத் தேடுவதில்தான் நினைவு பதிகிறது, எனவே உடனே பக்கத்தைத் திறந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் தேடிவிட்டு, அப்புறம் திறந்து சரிபாருங்கள். பிறகு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில் தேதியும் பக்க எண்ணும் போட்டு மூன்றே வரி. புத்தகம் சொன்னது ஒன்று, எனக்கு அது எங்கே நடந்தது என்று ஒன்று, நாளை என்ன செய்வேன் என்று ஒன்று.

உதாரணமாக, தவறைச் சுட்டும்போது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசு என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி அறிவுரை அநேகமாக உங்கள் பதினொன்றிலும் இருக்கும். நோட்டில் முதல் வரி அதுதான். இரண்டாவது வரி: "இ-வே பில்லில் வண்டி எண் மாறினதுக்கு, உனக்கு எத்தனை தடவை சொல்றது என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்." மூன்றாவது வரி: "நாளைக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த பில்லில் எண் எங்கே மாறுச்சுன்னு பார்ப்போமா என்று கேட்க வேண்டும்." எழுதினால் அடுத்த நாள் அது நடக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அடுத்த முறை கோபம் வாய்க்கு வரும்போது அந்த மூன்றாவது வரியும் கூடவே ஞாபகத்துக்கு வரும். படிப்பு குணத்துக்குள் இறங்குவது அந்த இடத்தில்தான். பத்துப் பக்கத்துக்கு மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவதைவிட இந்த மூன்று வரிக்குப் பலன் அதிகம்.

நா எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் கண்ணால் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு தையல்காரப் பெண்மணி வருவார். எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. தொடர்கதைத் தொகுப்பும் நாவலும்தான் எடுப்பார். எப்போதும் தவணைத் தேதிக்கு இரண்டு நாள் பிந்தித்தான் திருப்புவார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் முடிச்சுட்டேன் சார், அவங்களுக்கு இன்னும் சொல்லி முடிக்கல" என்றார். இரவு படித்ததை மறுநாள் மிஷின் ஓட்டிக்கொண்டே கூட வேலை செய்கிற ஐந்தாறு பேருக்குச் சொல்வாராம். மிஷின் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும், கேட்கிறவர்கள் சலிக்காமல் இருக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் மறுநாளும் கேட்பார்கள் என்று தெரிய வேண்டும். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கிராம சபையில் குடிநீர்க் குழாய் பற்றி அவர் எழுந்து பேசியதைப் பின்வரிசையிலிருந்து கேட்டேன். எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எல்லாம் அவருக்குக் கைவந்திருந்தது. மேடைப் பேச்சுப் புத்தகம் எதையும் அவர் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பதினொன்றில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு, மற்ற பத்தையும் பரணில் ஏற்றிவிடுங்கள். வாங்கிய பணம் வீணாகாது, பிறகு எடுக்கலாம். சுயமுன்னேற்றப் புத்தகங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நன்றாகப் படித்தால் மற்றவற்றில் முக்கால்வாசியைப் படித்த மாதிரிதான். அவை வாழ்க்கையை விதிகளாகச் சுருக்கித் தருகின்றன. விதி கையில் இருந்தும் மனிதன் தடுமாறுகிற இடம் அவற்றில் குறைவு. உங்களுக்கு வேண்டியது அந்த இடம்தான்.

அதற்குத் தன்வரலாறு படியுங்கள். காந்தியின் சுயசரிதையில் ஒரு சம்பவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து வீட்டில் கூடத் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் சிறுநீர்க் கலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கஸ்தூரிபா கண்ணீரோடு அதைச் செய்கிறார். சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று காந்தி கத்துகிறார். வார்த்தை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போய், வெளியே தள்ளக் கதவைத் திறக்கிறார். உங்களுக்கு வெட்கமில்லையா, இந்த ஊரில் நான் எங்கே போவேன் என்று கஸ்தூரிபா கேட்கிறார். காந்தி தலைகுனிந்து கதவைச் சாத்துகிறார். கோபத்தை அடக்கு என்று நூறு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். நல்ல கொள்கைக்காகவே கோபப்படுகிறேன் என்று நினைத்த ஒருவர், தன் கீழிருப்பவரிடம் எவ்வளவு கொடுமையாக நடந்துகொண்டார் என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மேற்பார்வைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று படிக்கும்போது தெரியும்.

கூடவே ஒரு நாவல். இலக்கியக் கதை படிப்பவர்களுக்குப் பிறர் மனநிலையைக் கணிக்கும் திறன் கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. பிறகு அதையே திரும்பச் செய்து பார்த்த வேறு குழுக்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் ஒரு கதை படித்த கையோடு ஆள் மாறிவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் பிறத்தியார் வீட்டுக் கதைகளுக்குள் போய் வந்தவர்கள், ஒரு ஆளைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்ல அவசரப்படுவதில்லை. இதை என் மேசைக்கு எதிரே நின்ற வாசகர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாதியில் நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஐம்பது பக்கம் தாண்டியும் உங்களுக்கும் அதற்கும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். வேறொருவருக்கு அது பிடிக்கும். நல்ல நூல்தான், ஆனால் கடினம் என்றால் துணை தேடுங்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என்று ஐயர் பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசரவில்லை, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. கையில் எடுத்தபோது அவ்வளவு படித்தவருக்கே விளங்கவில்லை, அது சமணக் காப்பியம். அவர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அந்த நூலைப் பதிப்பித்தார். விளங்காததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

செல்போனில் படிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வந்தே தீரும். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று உண்டு. தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்தது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனவே நாவலை பஸ்ஸில் போனிலேயே படியுங்கள், மற்றதைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் என்று தனியாக ஒன்றும் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் போதும்.

அடுத்த புத்தகத்தை வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், அது நம் பணம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதைத் தேடித் தருவது நூலகர் வேலை. புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், விஷயத்தைச் சொல்லுங்கள். "எனக்குக் கீழே நாலு பேர், கோபம் வருது, யாராவது இப்படிப்பட்டவங்க எழுதின வாழ்க்கை வரலாறு இருக்கா" என்று கேட்டால், நல்ல நூலகர் எழுந்து உங்களோடு அலமாரி வரை வருவார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோபம் தூக்கத்தையும் உடம்பையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. பதினொரு புத்தகம் வீட்டுக்கு வந்தது, அவர் கண்ணில் ஒரு மாற்றமும் படவில்லை, கேட்கத்தானே செய்வார்? அவரிடம் வாதாட வேண்டாம். இன்று இரவு சாப்பிடும்போது அந்த டர்பன் வீட்டுச் சண்டையை அவருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்று அவர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். பேச்சு முடிந்ததும் நோட்டை எடுத்து மூன்று வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள்.