வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை

மகள் சர்வதேசப் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் வகுப்பில் பேசுவதில்லை என்று பதறுகிறீர்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். ஆசிரியர் சொன்னதைச் செய்கிறாளா, வீட்டில் வழக்கம்போல வாயாடுகிறாளா? அப்படியென்றால் பொறுத்திருக்கலாம். வீட்டிலும் மௌனம், தூக்கக் கேடு, பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி, பிடித்த விளையாட்டும் வேண்டாம் என்பது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் ஆங்கில ட்யூஷன் தேடாதீர்கள். பள்ளி கவுன்சலரைப் பாருங்கள். அந்தச் சந்திப்பில் மகளையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தன் கஷ்டத்தைப் பிள்ளை குறைத்துத்தான் சொல்லும்.

உண்மையான சிக்கல் அவள் பேச ஆரம்பித்த பிறகு வரும். தோழிகளோடு சரளமாகப் பேசுவதைப் பார்த்து, பள்ளியில் தரும் ஆங்கில உதவி வகுப்பை நிறுத்திவிடுவார்கள். அரட்டைக்கான மொழி வேறு, பாடத்துக்கான மொழி வேறு என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். முன்னது ஏறக்குறைய 2 ஆண்டில் கைவரும். பின்னதில் வகுப்புத் தோழர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகூட ஆகலாம். ‘ஒப்பிட்டு விளக்குக’ என்ற கேள்வியில் தடுமாறும் பிள்ளைக்கு அறிவியல் வரவில்லை என்று முத்திரை விழுவது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே பள்ளியிடம் கேளுங்கள்: வாசிப்பையும் எழுத்தையும் தனித்தனியாகச் சோதிக்கிறீர்களா? எந்த நிலையை எட்டினால் உதவியை நிறுத்துவீர்கள்? உதவிக்காக எந்தப் பாட நேரத்தில் வெளியே அழைக்கிறீர்கள்? ஓவியமும் விளையாட்டும் என்றால் மறுத்துவிடுங்கள். மொழி தெரியாமலே மற்றவர்களோடு சமமாக நிற்கக் கிடைப்பது அந்த இரண்டு வகுப்புகள்தான்.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அரைகுறை ஆங்கிலத்தைவிட நிறைவான தமிழில் பேசுவது மேல். அடுத்த வாரப் பாடத்தின் தலைப்பையும் பத்துச் சொற்களையும் முன்கூட்டியே வாங்கி, கருத்தைத் தமிழில் பேசிவிடுங்கள்; வகுப்பில் அவள் புதிதாகப் பிடிக்க வேண்டியது சொற்களை மட்டுமே. பின்னாளில் ஐ.பி. டிப்ளமோ (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுக்கான சர்வதேசப் பாடத்திட்டம்) எடுத்தால், பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியையும் இலக்கியப் பாடமாகச் சுயமாகப் படிக்க வழி உண்டு. அதுவும் ஸ்டாண்டர்டு லெவலில், அதாவது இரு நிலைகளில் கீழ்நிலையில் மட்டும்தான். ஆனால் அதற்குத் தமிழில் சரளமாக வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.