சசி மகராஜின் விசிறி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. ஆறு வருடமாக ஒரு குருவைத் தேடுகிறேன். ஐந்து ஆசிரமங்களுக்குப் போய்வந்துவிட்டேன். ஓரிடத்தில் பணம் கேட்டார்கள், ஓரிடத்தில் குருவை நேரில் பார்க்கவே முடியவில்லை. உண்மையான குருவை எப்படி அடையாளம் காண்பது? இணையம் வழியாகத் தீட்சை வாங்கலாமா?

என் பள்ளித் தமிழாசிரியர் (ஓய்வு பெற்று, இப்போது ஊரில் தனியாக இருக்கிறார்) எப்போதோ கொடுத்த ராமகிருஷ்ணரின் சீடர்கள் பற்றிய புத்தகத்தை இப்போதுதான் படித்தேன். விவேகானந்தர் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் சென்னைக்கு வந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் நடுராத்திரியில் எழுந்து குருவின் படத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார் என்பதைப் படித்தபோது சங்கடமாகிவிட்டது. கணிதத்தில் தேர்ந்தவர் செய்கிற காரியமா இது? குழந்தைத்தனம் இல்லையா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பணம் கேட்ட இடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டீர்கள், நல்லது. இணையத் தீட்சை பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. போகிற போக்கில் அந்த விசிறியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். இந்த மே மாதம் ஒரு ராத்திரி மின்சாரம் போய், வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கும் சசி மகராஜின் நினைவுதான் வந்தது (ராமகிருஷ்ணானந்தரின் துறவுக்கு முந்தைய பெயர் சசி). அன்றிலிருந்து அவர் மனதிலேயே இருக்கிறார்.

படம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த விசிறி படத்தில் தொடங்கவில்லை. தொண்டையில் புற்றுநோயோடு ராமகிருஷ்ணர் காசிப்பூர்த் தோட்ட வீட்டில் படுத்திருந்தபோது, பி.ஏ. படிப்பை விட்டுவிட்டு வந்து இரவும் பகலும் உடனிருந்தவர் சசி. அந்த உடம்பு எப்போது அயரும், எப்போது புரளும், எந்தப் பக்கம் காற்று வேண்டும் என்றெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். 1886 ஆகஸ்ட் 16 அதிகாலையில் குரு போய்விட்டார். அதற்காகக் கை நின்றுவிடுமா? அம்மா இறந்த பிறகும் விடிகாலையில் பால் வாங்க எழுந்துகொள்கிற பிள்ளைகளை நீங்கள் பார்த்ததில்லையா?

கல்கத்தாவை அடுத்த வராகநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் சீடர்களின் மடம் தொடங்கியது. மற்ற சீடர்கள் இமயமலை, காசி, பிருந்தாவனம் என்று கிளம்பிப் போனார்கள். அதுவும் பெரிய தவம்தான், நான் மறுக்கவில்லை. சசி மட்டும் 11 வருடம் நகரவில்லை. குருவின் அஸ்தி அங்கே இருந்தது, அதற்குப் பூஜை நடக்க வேண்டும். தியானத்தில் உட்கார்ந்து சாப்பாட்டையே மறந்துபோகும் சகோதரர்களை இழுத்துவந்து சாப்பிட வைப்பதும் அவர் வேலையாயிற்று. குருவுக்கு வைக்கும் பல் குச்சியின் நுனியை அவர் நசுக்கி மிருதுவாக்கித்தான் வைப்பார். ஒருநாள் அந்த வேலையைச் செய்த வேறொருவர் நசுக்காமல் வைத்துவிட்டார். இன்றைக்குக் குருவின் ஈறில் ரத்தம் வர வைத்துவிட்டாயே என்று சசி அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாராம்.

இதைப் படித்தும் உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு வயிறு கலங்குகிறது. ஈறு என்ற ஒன்று இன்னமும் அவருக்கு அங்கே இருந்திருக்கிறது.

உங்கள் விவேகானந்தர் இதைக் குழந்தைத்தனம் என்று நினைக்கவில்லை. ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயரைத் தனக்கென்றுதான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தார். சசிதான் அதற்குத் தகுந்தவர் என்று அவருக்குக் கொடுத்துவிட்டார். ஒருவரை அனுப்புங்கள் என்று சென்னைக்காரர்கள் கேட்டபோது, உங்கள் ஊர் ஆசாரசீலர்களைவிட ஆசாரமான ஒருவரை அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பியதும் இவரைத்தான். 1897 மார்ச்சில் சசி மகராஜ் இங்கே வந்தார். சில நாட்களில் கடற்கரை ஐஸ் ஹவுஸில், பிலிகிரி ஐயங்காரின் வீட்டில் பூஜையறை அமைந்தது. (கல்கத்தாவிலிருந்து தட்சிணேஸ்வரத்துக்கு, கொளுத்தும் வெயிலில், துணியில் சுற்றிக் குருவுக்குப் பனிக்கட்டி கொண்டுபோன பையன் இவர். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடத்தில் வந்து பத்து வருடம் வாழ்ந்திருக்கிறார்.)

ஐயங்கார் இறந்து வீடு ஏலத்துக்கு வந்தபோது, குருவுக்கு ஒரு சின்ன அறை கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நைவேத்தியத்துக்கு ஒரு மணி அரிசிகூட இல்லாத நாளில் சன்னிதிக்குள் போய்ச் சண்டை போட்டார்: சோதிக்கிறாயா, கடற்கரை மணலை அள்ளிவந்து உனக்குப் படைப்பேன், அதையே பிரசாதமாக விழுங்குவேன், இறங்காவிட்டால் விரலால் தள்ளுவேன். 1907இல் மயிலாப்பூரில் கட்டிய மடம் சீக்கிரமே விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. மழை பெய்த ஒரு ராத்திரி, தூங்குகிறவரை நகர்த்தினால் தூக்கம் கலைந்துவிடுமே என்று படத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

சரி, விசிறிக்கு வருகிறேன். கோடை ராத்திரியில் புழுக்கம் தாங்காமல் விழிப்பு வருகிறது. நானும் நீங்களும் முதலில் என்ன செய்வோம்? நமக்கு விசிறிக்கொள்வோம். அவருக்கு, எனக்கே இப்படி இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. எழுந்து போய்ப் பூஜையறைக் கதவைத் திறந்தார். தன் முதுகில் வழிந்த வியர்வை அவருக்கு இன்னொருவரின் செய்தியாக வந்திருக்கிறது. கணக்குத் தெரிந்தவர் செய்கிற காரியமா என்று கேட்கிறீர்கள். இதைவிடத் துல்லியமான கணக்கு எனக்குத் தெரியாது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் தம்பி. உங்கள் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். மயிலாப்பூரில் ஒரு திண்ணையில் ஒரு பெரியவரிடம் திருவாசகம் படித்தோம், ஏழெட்டுப் பேர். அதில் ஒருவனுக்கு ழகரம் வராது. ஐயாவிடம் அதிகம் திட்டு வாங்கியவன் அவன்தான். ஐயா பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு வருடம் படுக்கை. நான் இரண்டு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது தடவை திருவாசகத்தின் திருச்சதகப் பகுதியில் ஒரு சந்தேகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன், பேச முடியாதவரிடம். அவன் ஐயாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, “அண்ணா, இது ஐயா தூங்குற நேரம்” என்றான். அந்த வீட்டில் துணி அலசியது, மலம் எடுத்தது எல்லாம் அவன். எங்களில் வேறு யாரும் இல்லை. நானும் இல்லை.

போன புரட்டாசியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி அலமாரியில் ஐயாவின் மூக்குக்கண்ணாடி. தினமும் காலையில் துடைத்து வைக்கிறான். எதற்கடா என்று கேட்டேன். “துடைக்கலேன்னா ஐயா திட்டுவாரு” என்றான். திருவாசகம் எனக்கு நிறைய மனப்பாடம். அவனுக்கு அதில் பாதிகூட இருக்காது. அன்று அவன் வீட்டில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஐந்து ஆசிரமங்கள் என்கிறீர்கள். எங்கேயாவது ஒரு வேளை பாத்திரம் கழுவினீர்களா? ஒரு மூலையைக் கூட்டினீர்களா? உங்கள் கடிதம் முழுக்க அவர்கள் எப்படி இருந்தார்கள் என்றே இருக்கிறது. குருவுக்கு இலக்கணம் கேட்கிறீர்கள். அதைச் சொல்லும் நூல்கள் ஏராளம், நான் வேறு எழுத வேண்டியதில்லை.

உங்கள் தமிழாசிரியரைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். யார் சமைத்துப் போடுகிறார்கள்? கண் தெரிகிறதா? நீங்கள் கடைசியாக அவரைப் போய்ப் பார்த்தது எப்போது? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.