வேகத்தைக் குறைத்தும் ரீசெட் ஆவது ஏன்?

கேள்வி: போர்டிலிருந்து டிஸ்ப்ளேவுக்கு 30 செ.மீ. ரிப்பன் கேபிள் போட்டிருக்கிறேன். கிளாக் (சீரான தாளத்தில் துடிக்கும் சிக்னல்) ஒயருக்கு அடுத்த ஒயர்தான் ரீசெட். டிஸ்ப்ளே அடிக்கடி தானாகவே ரீசெட் ஆகிறது. கிளாக்கை 8 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியும் சரியாகவில்லை. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: கேபிள் இருக்கட்டும், எந்த ஒயரில் எது போகிறது என்பதை மாற்றுங்கள். இரண்டு ஒயர்கள் ஒட்டி ஓடினாலே நடுவில் ஒரு குட்டி கப்பாசிட்டர் உருவாகிவிடும், ஒன்றில் வோல்டேஜ் சட்டென்று ஏறினால் மற்றதில் ஒரு உதை விழும். அந்த உதை எவ்வளவு பலம் என்பது கிளாக் விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்பதைப் பொறுத்ததே இல்லை, ஒவ்வொரு தடவையும் 0-விலிருந்து 3.3 வோல்ட்டுக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் அந்த ஏற்றம் அதே சில நானோவிநாடிதான். பக்கத்தில் இருப்பது டேட்டா ஒயராக இருந்தால் உதை அடங்கியபின் அதைப் படிக்கலாம், அப்போது வேகம் குறைத்தது உதவியிருக்கும். ரீசெட்டுக்கு ஒரே உதை போதும்.

முதலில் கிளாக் கிளம்பும் இடத்திலேயே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள், ஏற்றம் கொஞ்சம் சாய்வாகும். அப்புறம் கிளாக்குக்கு இருபுறமும் கிரவுண்ட் (0 வோல்ட்) ஒயர் வரட்டும், உதை ரீசெட்டுக்குப் போகாமல் அதில் விழும். பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளில் இதைத்தான் செய்தார்கள்: வேகம் விநாடிக்கு 66 மெகாபைட் ஆனபோது கனெக்டரில் அதே 40 பின்தான், ஒயர் மட்டும் 80, கூடுதலாக வந்த 40-ம் கிரவுண்ட். ரீசெட் அவசரமான சிக்னல் இல்லை, அதனால் டிஸ்ப்ளே பக்கம் அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் தாராளமாக வைக்கலாம்.

கேள்வி: லேன் கேபிளுக்கு நானே கனெக்டர் அடித்தேன். இரு முனையிலும் ஒரே வரிசை, ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8. டெஸ்டரில் 8 விளக்கும் எரிகிறது, ஆனால் வேகம் வரவில்லை.

பதில்: தப்பு அந்த வரிசையில்தான். கேபிளுக்குள் ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும், கனெக்டரிலோ 3-ம் 6-ம் ஒரு ஜோடி, 4-ம் 5-ம் ஒரு ஜோடி. நீங்கள் அடித்ததில் ஒரே சிக்னலின் போகும் ஒயர் ஒரு முறுக்கிலும் திரும்பும் ஒயர் வேறு முறுக்கிலும் மாட்டிக்கொண்டது. முறுக்கிய ஜோடியில் வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும், எதிர்முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது கழிந்துவிடும். கிரஹாம் பெல் 1881-லேயே டெலிபோன் கம்பிக்கு இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள், முனையில் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.