இயந்திர இரட்டிப்பு உள்ள நாணயங்களைச் சேர்ப்பதால் பயன் உண்டா?

கேட்டவரிடம் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான 1969ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஒன்று இருக்கிறது. அதில் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறதாம். சிலர் அதைப் பெருமதிப்புள்ள ‘டபுள்டு டை’ (அச்சிலேயே இரட்டித்தது) என்றும், சிலர் வெறும் ‘மெஷின் டபுளிங்’ (இயந்திர இரட்டிப்பு) என்றும் சொல்வதால், பின்னது என்றாலும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பணம் போட்டுப் பணம் எடுக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பதே என் பதில். சில்லறையில் தானாகக் கைக்கு வந்தால் இரண்டு மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். முக மதிப்புக்கு மேல் கொடுத்து ஒன்றைக்கூட வாங்க வேண்டியதில்லை. நான் அப்படி வாங்கியவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், வங்கியில் 25 டாலர் கொடுத்து ஒரு பெட்டி சென்ட் வாங்கி வருவேன். அதில் 50 சுருள்கள், சுருளுக்கு 50 காசுகள், ஆக 2,500 நாணயங்கள் இருக்கும். சனிக்கிழமை இரவுகளில் சமையலறை மேசையில் அவற்றைக் கொட்டிப் பத்து மடங்கு லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பெட்டிக்கடை வைக்கப் போகிறீர்களா என்று என் மனைவி கேட்காத வாரம் கிடையாது. எதுவும் அகப்படாத ஏக்கத்தில், இணைய ஏலமொன்றில் ‘1969 எஸ், டபுள் டை’ என்ற குறிப்போடு வந்த நாணயத்தை 45 டாலருக்கு எடுத்தேன். அடுத்து வந்த நாணயக் கண்காட்சியில் வயதான வணிகர் ஒருவரிடம் அதைப் பெருமையாக நீட்டினேன். அவர் ஆண்டைப் பார்க்கவே இல்லை. அதன் கீழுள்ள எஸ் என்ற சிறு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, “இதுவும் இரட்டையாக இருக்கிறதே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அலுவலக ரப்பர் முத்திரையை நினைத்துப் பாருங்கள். முத்திரையைச் செதுக்கும்போதே எழுத்துகள் இரட்டையாக விழுந்துவிட்டால், அதைக் குத்துகிற தாள்களில் எல்லாம் அதே பிழை அதே இடத்தில் பதியும். முத்திரை சரியாக இருந்து, குத்துகிறவரின் கை வழுக்கினால், அந்தத் தாளில் மட்டும் ஓர் இழுப்பு விழும். முதலாவது டபுள்டு டை. இரண்டாவது மெஷின் டபுளிங்.

நாணயத்தில் இது நடக்கும் முறை சற்று நுட்பமானது. நாணயத்தை அடிக்கும் அச்சு, ‘ஹப்’ எனப்படும் புடைப்புருவ எஃகை அழுத்தித் தயாராகிறது. அக்காலத்தில் ஓர் அழுத்தத்தில் உருவம் முழுமையாக இறங்காது என்பதால், அச்சைச் சூடாக்கி இளக்கி மீண்டும் அழுத்துவார்கள்; இரண்டாவது முறை ஒரு மயிரிழை திரும்பிவிட்டாலும் அச்சிலேயே இரட்டை உருவம் நிலைத்துவிடும். மெஷின் டபுளிங்கிலோ அச்சில் குறையே இல்லை. அதைப் பிடித்திருக்கும் பிடிமானம் தளர்ந்திருப்பதால், அடித்த மறுகணம் அச்சு சற்றே துள்ளியோ திரும்பியோ, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது.

இதனால்தான் இரண்டும் லென்ஸின் கீழ் வேறுவேறாகத் தெரிகின்றன. என் 45 டாலர் நாணயத்தில் 9 என்ற எண்ணின் பக்கவாட்டில் படிக்கட்டைப் போன்ற ஒரு தட்டையான, பளபளக்கும் படி இருக்கிறது. திண்ணையின் ஓரத்தைக் கரண்டியால் வழித்துவிட்டதைப் போல, எண்ணின் சொந்த உடம்பிலிருந்து வெட்டி எடுத்த படி அது. எண்ணின் மொத்த அகலம் கூடவில்லை, மேல்பகுதி மெலிந்துதான் போயிருக்கிறது. உண்மையான டபுள்டு டையில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்து வழக்கத்தைவிட அகன்றிருக்கும். இரண்டு எழுத்துகளும் பிரியும் முனையில் ஒரு சிறு பிளவு காணப்படும்.

அந்த வணிகர் எஸ் எழுத்தை மட்டும் பார்த்ததன் காரணம் இதைவிட அழகானது. 1969இல் நாணயச்சாலைக் குறி, அதாவது அடித்த ஊரைக் காட்டும் இந்த எஸ் எழுத்து, ஹப்பில் இருக்கவில்லை. அச்சு தயாரான பிறகு ஒவ்வோர் அச்சிலும் அதைக் கையால் தனியே குத்துவார்கள். ஆகவே ஹப் அழுத்தத்தில் நேர்ந்த பிழை அந்த எழுத்தைத் தொட்டிருக்கவே முடியாது. ஆண்டோடு சேர்ந்து எஸ் எழுத்தும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அது நாணயம் அடிபட்ட நொடியில் நேர்ந்ததாகத்தான் இருக்கும். (1990 முதல் சென்ட் நாணயங்களில் குறியும் மூல அச்சிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால், அதற்குப் பிந்தியவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.)

மதிப்பு ஏன் இல்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. டபுள்டு டை என்பது ஓர் அச்சின் அடையாளம். அதில் பிறந்த நாணயங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அவற்றுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடலாம். பட்டியலில் உள்ளதைத் தேடி வாங்க ஆள் இருக்கும். 1955ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சென்ட் அப்படிப்பட்டது: பிலடெல்பியாவில் அடிபட்டு, ஏறத்தாழ 20,000 முதல் 24,000 வரை புழக்கத்துக்குப் போய், சிகரெட் பெட்டிகளின் கண்ணாடித்தாளுக்குள் மீதிச் சில்லறையாகச் செருகப்பட்டு வெளிவந்தது என்பார்கள். தேய்ந்த நிலையிலும் இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. மெஷின் டபுளிங் அந்தந்த அடியின் விபத்து; ஒன்றுபோல் இன்னொன்று இராது. பிடிமானம் தளர்ந்த இயந்திரத்தை நிறுத்திச் சரிசெய்யும் வரை அது மூட்டை மூட்டையாக வெளிவந்துகொண்டே இருக்கும். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 54 கோடிக்கும் மேற்பட்ட சென்ட் நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் மெஷின் டபுளிங் சர்வசாதாரணம். நாணயங்களைச் சோதித்துச் சான்று தரும் பெரிய தரச்சான்று நிறுவனங்கள் இதை ஒரு வகையாகவே ஏற்பதில்லை.

இந்திய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களையும் ‘டபுள் டை’ என்ற பெயரில் இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றில் தெரிந்தது அதே தட்டைப் படிதான். விலை சொல்வது வேறு, அந்த விலைக்குப் போவது வேறு.

இருந்தாலும் என் நாணயத்தை நான் செலவழிக்கவில்லை. அட்டை உறையில் வைத்து, ‘மெஷின் டபுளிங், 45 டாலர்’ என்று எழுதி, புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்குக் காட்டுகிறேன். கையில் ஒன்று இருந்தால் கண் சீக்கிரம் பழகும்.

உங்கள் நாணயத்துக்கு வருகிறேன். முதலில் எஸ் எழுத்தைப் பாருங்கள். அதுவும் இரட்டை என்றால் விஷயம் முடிந்தது. அது ஒற்றையாக இருப்பது மட்டும் போதாது. லிபர்ட்டி என்ற சொல்லும் தலைக்கு மேலுள்ள வாசகமும் ஆண்டைப் போலவே தடித்து, அகன்று, தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். உண்மையானவை மிகச் சொற்பம். பல்லாயிரம் டாலருக்குப் போகின்றவை. 1969 என்று பொறித்த, குறியெழுத்து இல்லாத போலி இரட்டை நாணயங்கள் பிடிபட்டதால், தொடக்கத்தில் கிடைத்த அசல் எஸ் நாணயங்களையும் அமெரிக்க அதிகாரிகள் போலி என்றெண்ணிப் பறிமுதல் செய்ததுண்டு. எனவே மேற்சொன்ன எல்லாம் பொருந்தினால் மட்டும் தரச்சான்றுக்கு அனுப்புங்கள். அதுவரை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.