தரையில் படரும் ஜூனிப்பரை அடையாளம் காண்பதும் வளர்ப்பதும் எப்படி?

கேள்வி: கனடாவில் சரிவில் தானாக முளைத்துப் படரும் பசுமை மாறாப் புதர், படர் ஜூனிப்பரா, சாதாரண ஜூனிப்பரா? தோட்டத்தில் வைக்கலாமா?

முதலில் இலையைப் பாருங்கள். மூன்று மூன்றாக, குத்தும் ஊசிகளாக, மேற்புறம் வெள்ளைக் கோட்டோடு இருந்தால் அது சாதாரண ஜூனிப்பரின் தாழ்ந்த வகை. முதிர்ந்த கிளையில் இலைகள் செதில் போல எதிரெதிராகத் தண்டோடு ஒட்டியிருந்தால் படர் ஜூனிப்பர். இளங்கிளையில் இதற்கும் ஊசியிலை வரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படர் ஜூனிப்பரின் உயரம் பெரும்பாலும் 30 செ.மீ.க்குள், படர்வு 2 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் ஊதா கலந்த பழுப்பாக மாறும், அது நோயல்ல. நீலக் காய் பெண் செடியில் மட்டுமே.

தாராளமாக வைக்கலாம். தினம் 6 மணி நேர வெயில் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. மணலோ சரளையோ, சத்தில்லாத மண்ணே போதும். களிமண்ணானால் 20 செ.மீ. மேடு கட்டி, 1.5 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். முதல் ஆண்டு வாரம் ஒருமுறை ஆழமாக நீர், பிறகு கடும் வறட்சியில் மட்டும். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.

வசந்தத்தில் புதுத் துளிர் நுனி பழுத்துக் காய்ந்தால் பெரும்பாலும் பூஞ்சைக் கருகல். ஈரமில்லாத நாளில் வெட்டி அகற்றுங்கள், மாலையில் இலைமேல் நீர் தெளிக்காதீர்கள். எப்போது கத்தரித்தாலும் பச்சை உள்ள பகுதிக்குள் நிறுத்துங்கள். இலையற்ற பழைய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்காது.